புளிப்பு வேறு, வெறி வேறு

"கள்ளு நல்லாப் புளிச்சிருந்தாத்தான் ஏறும்" என்று சொல்லாத ஊர் இல்லை. தவறணை வாசலில் நிற்பவரும் சொல்வார், கள்ளை வாயிலேயே வைக்காத பெரியம்மாவும் சொல்வார். ஆனால் நம்மில் பலர் வீட்டு அடுப்படியில் தென்னங்கள்ளில் செய்த வினாகிரிப் போத்தல் ஒன்று இருக்கிறது. கள் புளித்துப் புளித்து, இனிப் புளிக்க இடமில்லை என்ற கட்டத்தில் கிடைப்பது அது. புளிப்புக்கு ஏற்ற வெறி உண்டென்றால் அச்சாறு சாப்பிட்டவர் எழுந்து நடக்க முடியாது. அப்படி யாரும் விழுந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஒரு குழப்பம் தெளிந்தால், நுரைக்கும் பானங்களை வீட்டில் செய்யும் வித்தை பாதிக்குமேல் கைவந்த மாதிரி. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், அவசரமில்லை. இன்று நாம் செய்து பார்க்கப் போவது ஜிஞ்சர் பியர். பார்லி பியரைத் தொடப் போவதில்லை. முதற்காரணம் சட்டம். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். இங்கிலாந்தில் 1963இல் வீட்டுப் பியருக்கு அனுமதி தேவையில்லை என்றாயிற்று. அமெரிக்காவில் 1978இல் அதற்கான சட்டம் வந்தது. இங்கே அப்படி எதுவும் வரவில்லை. இரண்டாவது காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. சம்பள நாள் இரவில் லயத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, குடியைப் பொழுதுபோக்கு என்று சொல்ல நாக்கு எழாது. நமக்கு வேண்டியது நுரையும் காரமும், அவை எப்படி வருகின்றன என்ற விவரமும்.

என்றாலும் பியரின் கதையைத் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் அது நம் ஊர்க் கதை. பின்னாளில் ஆபிரிக்காவின் அல்பேர்ட் ஏரியைக் கண்டு பேர் வாங்கிய சாமுவேல் பேக்கர், 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை போட்டார். அந்த ஊரில் பியர் காய்ச்சத் தொடங்கியதையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். வணிகமாக அது எழுந்தது 1881இல், சிலோன் புருவரி என்ற பெயரில். இன்று அதன் வாரிசான லயன் பியர் காய்ச்சப்படுவது கொழும்பை அண்டிய பியகமவில். பேக்கர் தேயிலைத் தோட்டத் துரைமாருக்காகப் பியர் காய்ச்சினார் என்று எழுதுவது பலருக்கு வழக்கம். அவர் இங்கிருந்த நாளில் தோட்டம் என்றால் கோப்பித் தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிராக நட்டது 1867இல்தான். இந்தக் கோப்பி விடயத்தை நினைவில் வைத்திருங்கள், கொஞ்சம் தள்ளி வேறு ஒரு வழியில் வரும்.

பியர் காய்ச்ச ஏன் இந்த மலை? குளிர்சாதனப் பெட்டி பிறக்காத காலத்தில் வெப்ப நாட்டில் பியர் காய்ச்ச நினைத்தவர்கள் மலையேறித்தான் ஆகவேண்டும். இந்தியாவிலும் ஆங்கிலேயர் இமயச் சரிவில் கசௌலிக்குப் போய்த்தான் ஆலை வைத்தார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில். அந்தக் குளிரால் பியருக்கு என்ன நன்மை என்பது, போத்தலுக்குள்ளே யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் புரியும். அங்கே போவோம்.

முதல் ஆள் ஈஸ்ட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தது இதைத்தான். ஒரே ஒரு கலத்தால் ஆன பூஞ்சை. நூறு, இருநூறு ஈஸ்ட்டை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீற்றர் நீளம் வரும். கடையில் பொட்டலத்தில் வாங்குவது இதன் பழக்கப்பட்ட இனம். பழக்கப்படாத இனங்கள் பழத்தோலிலும் பூவிலும் இஞ்சித் தோலிலும் கித்துள் பாளையிலும் தாமாகவே இருக்கின்றன. அப்ப மாவில் கள் ஊற்றிப் பிசைந்த நம் பாட்டிமார் உண்மையில் ஊற்றியது ஈஸ்ட்டைத்தான். கள் அதன் வாகனம்.

ஈஸ்ட்டுக்குத் தெரிந்த வேலை ஒன்று. சீனியைத் தின்னும், இரண்டு பொருளை வெளியே தள்ளும். ஒன்று காபனீரொட்சைட்டு வாயு, மற்றது மதுசாரம். 100 கிராம் சீனி முழுவதையும் தின்று முடித்தால் ஏறக்குறைய 50 கிராம் வாயுவும் 50 கிராம் மதுசாரமும் கிடைக்கும், பாதிக்குப் பாதி. பாண் மாவில் வாயு தங்கி மாவை உப்ப வைக்கிறது, மதுசாரம் போறணைச் சூட்டில் பெரும்பாலும் பறந்துவிடுகிறது. கள்ளில் வாயு நுரையாகக் கிளம்பிப் போகிறது, மதுசாரம் தங்கிவிடுகிறது. ஒரே வேலைதான், நாம் எதைப் பிடித்து வைக்கிறோம் என்பதில்தான் பாணும் கள்ளும் பிரிகின்றன. இந்த வேலையில் எங்கேயாவது புளிப்பு வந்ததா என்று திரும்பிப் பாருங்கள். இல்லை. ஈஸ்ட் தன்பாட்டில் தனியாக இருந்தால் பானம் பெரிதாகப் புளிப்பதில்லை.

அப்படியானால் புளிப்பு எங்கிருந்து வருகிறது? இதைக் கண்டுபிடித்த கதை ஒரு சாராயத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. 1856இல் பிரான்சின் லில் நகரில், பீட்ரூட் சாற்றிலிருந்து மதுசாரம் எடுக்கும் பிகோ என்ற ஆலைக்காரருக்கு ஒரு தலைவலி. சில தொட்டிகள் நன்றாக நொதித்து மதுசாரம் தருகின்றன, சில தொட்டிகள் புளித்துப்போய் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கின்றன. அவருடைய மகனுக்குப் பேராசிரியராக இருந்தவர் லூயி பாஸ்டர். பாஸ்டர் வந்து இரண்டு வகைத் தொட்டியிலிருந்தும் துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். புளித்த தொட்டியில் அதைவிட மிகச் சிறிய குச்சி குச்சியான உருவங்கள். அந்தக் குச்சிகள் சீனியைத் தின்று மதுசாரத்துக்குப் பதில் இலற்றிக் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தன.

அந்தக் குச்சிகள்தான் நம் இரண்டாவது ஆள், இலற்றிக் பற்றீரியா. பாலைத் தயிராக்குவதும் தோசை மாவுக்குப் புளிப்பேற்றுவதும் இந்தக் கூட்டமே. பிகோவின் தொட்டியில் இது ஈஸ்ட்டின் பங்குச் சீனியைத் தான் தின்றுவிட்டது. மூன்றாவது ஆள் இன்னும் மோசம், அல்லது இன்னும் உபகாரி, அவரவர் தேவையைப் பொறுத்தது. அசற்றிக் பற்றீரியா சீனிக்காக ஈஸ்ட்டோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஈஸ்ட் பாடுபட்டு உண்டாக்கிய மதுசாரத்தையே எடுத்து, காற்றிலுள்ள ஒட்சிசனைக் கூட்டுச் சேர்த்து, வினாகிரியின் அமிலமாக மாற்றிவிடும். ஆக, ஒருவர் மதுசாரம் உண்டாவதற்கு முன்னே கைவைக்கிறார், மற்றவர் உண்டான பின்னே. எந்தப் பக்கம் பார்த்தாலும், புளிப்பு கூடிய அளவுக்கு மதுசாரம் குறைந்திருக்கிறது. வடிசாலைக்காரரைக் கேட்டால் அடித்துச் சொல்வார், புளித்துப்போன கள் அவருக்கு நட்டம்.

சரி, இவ்வளவு நேர்மாறான ஒரு நம்பிக்கை எப்படி ஊருக்கு ஊர் நிலைத்தது? ஊர் ஆட்கள் முட்டாள்கள் இல்லை, அவர்கள் பார்த்ததில் ஓர் உண்மை இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும் சாறு வெறும் இனிப்பு. சில மணித்தியாலத்தில் ஈஸ்ட் வேலையைத் தொடங்கும், கூடவே இலற்றிக் பற்றீரியாவும் தொடங்கும். காலையில் இறக்கிய கள் மத்தியானத்தில் கொஞ்சம் புளிப்பாக இருக்கும், வெறியும் கூடியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. இதில் நாக்குக்கும் பங்குண்டு. புளிப்பைத் துளி இருந்தாலும் கண்டுபிடிக்கும் நாக்கு, நாலைந்து சதவீத மதுசாரத்தை அவ்வளவு எளிதில் பிரித்தறியாது. எனவே குடிப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாக்குக்குத் தெரியும் ஒன்றால் அளக்கப் பழகினார். மத்தியானம் வரைக்கும் அந்த அளவுகோல் ஓரளவு சரி. அடுத்த நாள் பார்த்தால் மதுசாரம் இறங்குகிறது, புளிப்பு ஏறிக்கொண்டே போகிறது, அளவுகோல் உடைந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் கள் விற்றுத் தீர்ந்துவிடுவதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இப்போது கோப்பிக்கு வருவோம். 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு ஒன்று தோன்றியது. பத்து ஆண்டுக்குள் மலை முழுவதும் பரவியது. அது என்ன என்று கண்டறிய அரசாங்கம் 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை இங்கிலாந்திலிருந்து அழைத்தது. இரண்டு ஆண்டு கோப்பித் தோட்டங்களில் அலைந்து, துரு ஒரு பூஞ்சை என்றும், அதன் வித்திகள் காற்றில் பறந்து பரவுகின்றன என்றும், இடையில் தடுப்பு மரம்கூட இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டது அதற்கு விருந்து வைத்த மாதிரி என்றும் அவர் தெளிவாக எழுதிக் கொடுத்தார். மருந்து மட்டும் கொடுக்க முடியவில்லை. 1882இல் அவர் கப்பலேறினார், கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. நம்மில் பலருடைய பூட்டன் எந்தச் செடிக்கு நடுவே நின்று வேலை செய்தார் என்பதைத் தீர்மானித்தது அந்தத் துரு.

வார்ட் பின்னர் இங்கிலாந்தில் செய்த வேலைகளில் ஒன்றுதான் நம் போத்தலுக்குள் போகிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் குடிசைகளில் "ஜிஞ்சர் பியர் செடி" என்று ஒன்றை வைத்திருப்பார்கள். செடியாவது கொடியாவது, வெண்மையாக, அரைகுறையாக ஒளி ஊடுருவும் சவ்வரிசி போன்ற கட்டிகள். இஞ்சியும் சீனியும் போட்ட தண்ணீரில் அவற்றை விட்டால் நுரைக்கும். கட்டிகள் பெருகும், பெருகியதை அயல்வீட்டுக்குக் கொடுப்பார்கள். அது என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. வார்ட் அந்தக் கட்டியைப் பிரித்துப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வோர் உயிரையும் தனித்தனியாக வளர்த்துப் பார்த்து, 1892இல் விரிவாக வெளியிட்டார். உள்ளே பலரும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், இன்றியமையாதவர் இருவரே: ஓர் ஈஸ்ட், ஒரு பற்றீரியா. பற்றீரியா தன்னைச் சுற்றிப் பசையான உறை ஒன்றைச் செய்துகொள்கிறது, அந்த உறைச் சிக்கலுக்குள் ஈஸ்ட் குடியிருக்கிறது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருக்கும் இரண்டு குடும்பம் மாதிரி, கூரை ஒன்று, அடுப்பு வேறு வேறு. ஈஸ்ட்டின் அடுப்பில் வாயுவும் மதுசாரமும், பற்றீரியாவின் அடுப்பில் அமிலம். வார்ட் இத்தோடு விடவில்லை. தனித்தனியாக வளர்த்த இருவரையும் மறுபடி ஒன்றாக விட்டார், கட்டி மீண்டும் உருவானது. அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

அந்தக் கட்டி நமக்குக் கிடைக்காது, தேவையும் இல்லை. அதே இரண்டு குடும்பத்தின் உறவினர் நம் இஞ்சித் தோலில் இருக்கிறார்கள். ஒரு ஜாம் போத்தலைச் சுடுநீரால் கழுவி, அரைப் போத்தல் ஆறிய கொதிநீர் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கொதிக்கும்போது பெரும்பாலும் போய்விடும். தோல் சீவாத இஞ்சியைத் துருவி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கிளறி, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். நாளுக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி இஞ்சியும் ஒரு தேக்கரண்டி சீனியும் சேர்த்துக் கிளறுங்கள். கொழும்பில் ஐந்தாறு நாளில் குமிழி விடும். நுவரெலியாவில் பத்து நாளும் ஆகலாம். தோசை மாவை அடுப்புப் பக்கம் வைக்கும் வழக்கம் நமக்கு ஏற்கனவே உண்டு, இதையும் அங்கேயே வையுங்கள். மேலே பச்சையோ கறுப்போ பூஞ்சணம் பிடித்தால் யோசிக்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

கரைசல் உசும்பத் தொடங்கிவிட்டதா, இனிப் பானம். இரண்டு லீற்றர் தண்ணீரில் நூறு கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டு, 160 கிராம் சீனி சேர்த்துக் கொதிக்க வையுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, நுவரெலியாவில் 94க்குக் கிட்ட, ஹட்டனில் 96க்குக் கிட்ட. பருப்பு வேக நேரமெடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் வேண்டாத ஈஸ்ட்டையும் புளிப்புப் பற்றீரியாவையும் அடக்க அந்தச் சூடு தாராளம், கால் மணித்தியாலம் கொதிக்கட்டும். கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே நன்றாக ஆறவிட்டு வடிகட்டுங்கள். இரண்டு தேசிக்காய் பிழிந்து, ஜாம் போத்தல் கரைசலில் அரைக் கோப்பையை வடித்துச் சேர்த்து, பழைய சோடா பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி இறுக மூடுங்கள். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். சூடு ஆறும் முன் கரைசலைச் சேர்த்தால் நாம் கஷ்டப்பட்டு வளர்த்தவர்களை நாமே அவித்துவிடுவோம். தொடங்குபவர்களின் பானம் நுரைக்காமல் போவதற்கு இந்த அவசரம்தான் பெரும்பாலும் காரணம்.

இங்கே சற்று நின்று ஒரு கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் ஆபத்தும் பாதுகாப்பும் அதற்குள் இருக்கிறது. ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு உண்டாகும். கடையில் வாங்கும் சோடாவில் லீற்றருக்கு நாலு லீற்றர் வாயு வரை அடைத்திருப்பார்கள். அந்த அளவு நுரைக்கு நமக்குத் தேவை 15, 16 கிராம் சீனி. நாம் போட்டதோ லீற்றருக்கு 80 கிராம். ஐந்தில் ஒரு பங்கு சீனி தீர்ந்ததும் நம் வேலை முடிந்துவிட்டது, மீதி இனிப்புக்காக. ஆனால் நாம் முடிந்தது என்று நினைத்தாலும் ஈஸ்ட் நிறுத்தாது. அப்படியே வெளியில் விட்டுவைத்தால் சீனி தீரும் வரை தின்னும், ஒரு லீற்றருக்கு இருபது லீற்றர் வாயுவை அந்தப் போத்தலுக்குள் நெருக்கும். கண்ணாடிப் போத்தல் என்றால் குண்டு வெடித்த மாதிரி சிதறும். ஆகவே கண்ணாடி வேண்டாம். பிளாஸ்டிக் போத்தலில் இன்னொரு வசதியும் உண்டு, நாளுக்கு இரண்டு தடவை விரலால் அமுக்கிப் பார்க்கலாம். குழைந்து கொடுத்தால் இன்னும் நேரம் இருக்கிறது. புதுச் சோடாப் போத்தல் போல இறுகிவிட்டால் உடனே குளிர்பெட்டிக்குள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே திறந்து குடித்துத் தீர்த்துவிட வேண்டும்.

மதுசாரத்துக்கும் இதே கணக்குத்தான். லீற்றருக்கு 17 கிராம் சீனி நொதித்தால் ஒரு சதவீத மதுசாரம். போத்தல் இறுகிய நேரத்தில் நிறுத்தினால் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. முழுவதும் நொதிக்க விட்டால் நாலரை, ஐந்து சதவீதம், அதாவது சாதாரண பியர் அளவு. ஆக வீட்டு ஜிஞ்சர் பியரில் மதுசாரம் "இல்லவே இல்லை" என்று சொல்வது பொய். கொஞ்சம் இருக்கிறது. மதத்தாலோ மருந்தாலோ விரதத்தாலோ துளியும் தொடக்கூடாதவர்களுக்கும், பழக்கத்தை விட்டு மீண்டவர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சிறுவருக்கு, இஞ்சிச் சாற்றையும் சீனிப்பாகையும் கடைச் சோடாவில் கலந்து கொடுத்துவிடலாம், அவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. கடையில் விற்கும் ஜிஞ்சர் பியரில் பொதுவாக வாயுவை இயந்திரத்தால் ஏற்றுகிறார்கள், ஈஸ்ட்டுக்கு அங்கே வேலை கிடையாது.

நுவரெலியாக் குளிரின் நன்மையை இப்போது சொல்லலாம். குளிர் ஈஸ்ட்டை மெதுவாக்குகிறது, புளிப்புப் பற்றீரியாக்களை அதைவிட மெதுவாக்குகிறது. இலற்றிக் கூட்டத்துக்குப் பிடித்தது 30 பாகையும் அதற்கு மேலும். 16 பாகையில் அவை சுருண்டு கிடக்கும்போது ஈஸ்ட் நிதானமாகத் தன் வேலையைச் செய்துவிடும். தாழ்நிலத்தில் செய்த ஜிஞ்சர் பியர் இரண்டே நாளில் தயாராகிவிடும், ஆனால் புளிப்பும் சேர்ந்து ஏறும். மலையில் செய்தது நாலைந்து நாள் காக்க வைக்கும், இஞ்சி இஞ்சியாகவே மணக்கும். ஆங்கிலேயர் பியர் காய்ச்ச மலை தேடியதற்கு இதுவே உள் காரணம். தோசை மாவு நம்மிடம் ஏன் பொங்க மறுக்கிறது என்று அலுத்துக்கொள்ளும் அதே குளிர்தான். தோசைக்கு நமக்குப் புளிப்பும் வேண்டியிருப்பதால் அடுப்படி தேடுகிறோம்.

ஒரு கேள்வி உங்களுக்குள் எழுந்திருக்க வேண்டும். ஸ்டோரில் ரோலரிலிருந்து இறங்கும் கொழுந்தைப் பரப்பி வைத்துப் புளிக்க விடுகிறார்களே, அதில் எந்த ஆள் வேலை செய்கிறார்? ஒருவரும் இல்லை. அங்கே ஈஸ்ட்டும் இல்லை, பற்றீரியாவுக்கும் வேலை இல்லை. கொழுந்தின் கலங்களுக்குள்ளேயே நொதியம் என்ற பொருள் ஒரு பக்கமும், துவர்ப்புச் சத்துகள் வேறு பக்கமும் பிரிந்து கிடக்கின்றன. ரோலர் கலங்களை நசுக்கியதும் இரண்டும் கலக்கின்றன, காற்றின் ஒட்சிசன் சேர்கிறது, பச்சை மெல்லச் செப்பு நிறமாகிறது. வாழைக்காயை வெட்டி வைத்தால் கறுப்பதும் இந்த வகைதான். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் டீமேக்கர் மணத்தைப் பிடித்துப் பார்த்து ட்ரையருக்கு அனுப்புகிறார், சூட்டில் நொதியம் செத்து வேலை நின்றுவிடுகிறது. பச்சைத் தேயிலை செய்பவர்கள் முதலிலேயே ஆவியில் வாட்டி நொதியத்தைக் கொன்றுவிடுவதால் அது பச்சையாகவே நிற்கிறது. உயிர் இல்லாமல் நொதியம் மட்டும் தனியே வேலை செய்யும் என்பதை ஈஸ்ட்டிலும் காட்டிவிட்டார் ஜெர்மானியர் எடுவார்ட் பூக்னர். 1897இல் அவர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்து, பிழிந்து, உயிரற்ற சாற்றைச் சீனியில் விட்டார், அது நொதித்தது. 1907இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த வேலை அது. நம் ஸ்டோரில் ரோலர் செய்வதும் அந்த அரைத்தல்தான்.

தேயிலையை உண்மையிலேயே ஈஸ்ட்டுக்கும் பற்றீரியாவுக்கும் கொடுப்பதும் உண்டு, அதன் பெயர் கொம்புச்சா. இப்போது கொழும்புக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வீட்டிலுள்ள சாதாரணத் தூள் போதும். ஒரு லீற்றர் சாயத்தண்ணியில் 70 கிராம் சீனி கரைத்து, நன்றாக ஆறியபின், செய்பவர் யாரிடமாவது கேட்டு வாங்கிய பழைய கொம்புச்சா அரைக் கோப்பையும் அதன் மேலே மிதக்கும் ஆடை ஒரு துண்டும் போட்டு, அகன்ற வாய்ப் போத்தலில் துணி கட்டி வைக்க வேண்டும். பழையதைச் சேர்க்காமல் தொடங்கக்கூடாது. அந்தப் புளிப்புத்தான் முதல் நாட்களில் கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. குளிர் ஊரில் இரண்டு கிழமை பிடிக்கும். உள்ளே ஈஸ்ட் சீனியை மதுசாரமாக்குகிறது, மேலே ஆடையில் வாழும் அசற்றிக் பற்றீரியா அதை உடனுக்குடன் அமிலமாக்குகிறது. அந்த ஆடையே அது நெய்த நார்தான்.

இதில் துணிக்கும் மூடிக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 2010இல் அமெரிக்கக் கடைகள் பல, கொம்புச்சாவைத் தட்டுகளிலிருந்து அகற்ற வேண்டி வந்தது. ஆலையை விட்டு வெளியேறும்போது அரைச் சதவீத வரம்புக்குள் இருந்த மதுசாரம், கடைத் தட்டில் நிற்கும்போது சில போத்தல்களில் வரம்பைத் தாண்டியிருந்தது. மூடி போட்டதும் காற்று நின்றது, காற்றில்லாமல் அசற்றிக் பற்றீரியாவால் வேலை செய்ய முடியவில்லை. ஈஸ்ட்டுக்குக் காற்று தேவையில்லை, மீந்திருந்த சீனியை அது தின்றுகொண்டே இருந்தது. எடுத்துப்போட ஆள் இல்லாததால் மதுசாரம் சேர்ந்துவிட்டது. நாக்குக்கு அந்தப் போத்தல் முன்பைவிடப் புளிப்பாகத் தெரிந்திருக்காது. ஆகவே கொம்புச்சாவைப் போத்தலில் அடைத்தால் அன்றே குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டி இல்லையென்றால் அடைக்கவே வேண்டாம், துணி கட்டியபடியே வைத்திருந்து வேண்டும்போது கோப்பையில் ஊற்றிக் குடியுங்கள். எடுத்த அளவுக்குச் சீனி போட்ட ஆறிய சாயத்தண்ணியை விட்டுக்கொண்டே வந்தால், ஒரே போத்தல் மாதக்கணக்கில் ஓடும்.